எமது வீட்டுச் சுக்கிராச்சாரியார்

எமது வீட்டில் ஒரு சுக்கிராச்சாரியார் இருக்கிறார். பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டாம். அவர் ஒரு பூனையார். மகாபலி தாரை வார்த்தபோது வண்டாகிக் கமண்டலத்தின் துவாரத்தை அடைத்து, வாமனரின் தருப்பையால் ஒரு கண்ணை இழந்தவர் அசுரகுரு. எமது பூனையாரின் கண் போனதற்குக் காரணம் தருப்பையன்று. அதனைச் சொல்லவே இக்கட்டுரை.

கார்த்திகை மழையில் ஒரு மாலை, கிணற்றடியில் நடுங்கிக் கிடந்த குட்டியை மகள் ஏந்தி வந்தாள். இடது கண் பீளை கட்டி ஒட்டியிருந்தது, தும்மலும் இருந்தது.

"அப்பா, இதுக்குக் கண் தெரியுமோ?"

"நாளைக்குத் தெரியும்" என்றோம், பட்டதாரிக்குரிய நம்பிக்கையோடு.

அயல்வீட்டு ஆச்சி வந்து பார்த்தார். "நந்தியாவட்டைப் பூவைப் பிழிஞ்சு விடு தம்பி" என்றார். நாம் சிரித்தோம். முந்திய ஆண்டு எமது கண் சிவந்தபோது வைத்தியர் தந்த சொட்டு மருந்து அலுமாரியில் பாதிப் போத்தல் எஞ்சியிருந்தது. மனிதக் கண்ணுக்கு ஆவது பூனைக் கண்ணுக்கு ஆகாதோ? விட்டோம். இரண்டாம் நாளே சிவப்புக் குறைந்தது. ஆச்சியிடம் சற்றுப் பெருமையாகவே காட்டினோம். நான்காம் நாள் விழியின்மேல் வெண்புகை படர்ந்தது. குட்டி வெளிச்சத்துக்கு அஞ்சிக் கட்டிலின் கீழ் ஒடுங்கியது.

மிருக வைத்தியர் எமது பழைய மாணவர். கண்ணில் ஒரு துளி சாயத்தை விட்டு நீல வெளிச்சத்தைப் பிடித்தார். கருவிழியை மூடிய கண்ணாடி போன்ற படலத்தில் புண் பச்சையாய் ஒளிர்ந்தது.

"என்ன மருந்து சேர் விட்டனீங்கள்?"

போத்தலை நீட்டினோம். விடைத்தாளிற் பெரும் பிழையைக் கண்டால் எமது முகம் எப்படியாகுமோ, அப்படியாயிற்று அவர் முகம்.

அம்மருந்தில் ஸ்டெரொயிட் இருந்தது. அது சிவப்பையும் வீக்கத்தையும் அடக்கும். நோய் தீர்ந்ததுபோலத் தோன்றும். புண்பட்ட கண்ணிலோ, புண் ஆறுவதைத் தடுத்துக் கிருமிக்கு இடங்கொடுக்கும். பூனைக்குட்டிகளின் கண்ணோய் பலவற்றுக்குக் காரணம் பூனைக்குரிய ஹேர்பிஸ் வைரசு. அது மனிதரைத் தொற்றாது. ஆயினும் பூனையின் உடலில் ஆயுள் முழுதும் உறைந்திருந்து, உடல் தளரும்போது மீண்டும் தலைகாட்டும். பூச்சாறும் தகாதென்றார் வைத்தியர். ஆக, ஆச்சியும் நாமும் ஒரே வகுப்பில் தேறாதவர்கள்.

அன்று முதல் நாளுக்கு 4 வேளை மருந்து. கொதித்தாறிய நீரிற் பஞ்சை நனைத்து, மூக்கருகிலிருந்து வெளிப்புறமாக ஒரு முறை துடைத்து எறிய வேண்டும்; மற்றக் கண்ணுக்கு வேறு பஞ்சு. மகள் குட்டியைத் துவாயாற் சுற்றி, முகத்தை மட்டும் வெளியே விட்டுப் பிடிப்பாள். நாம் பின்னாலிருந்து மோவாயை உயர்த்தி, குழாயின் நுனி கண்ணிற் படாதவாறு களிம்பை இடுவோம். கண்ணைப் பிறாண்டாதிருக்கக் கழுத்திற் புனல் போன்ற பட்டை வேறு. அப்புனலோடு அவர் கதவு நிலைகளில் முட்டும் ஒவ்வொரு சத்தமும் எம் நெஞ்சில் முட்டியது.

3 கிழமையிற் புண் ஆறியது. வெண்தழும்பு ஆறவில்லை. அக்கண்ணுக்குப் பார்வையும் மீளவில்லை.

"முதல் நாளே கொண்டு போயிருந்தால், அப்பா?" என்றாள் மகள்.

"பெரும்பாலும் தப்பியிருக்கும்" என்றோம். வேறு விடை சொல்ல வாய் வரவில்லை. அவள் ஒன்றும் பேசாமல் குட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

பெயரிட்டவர் ஆச்சி. புராணத்திற் கண்ணிழந்தவர் ஆசிரியர்; இங்கே கண்ணை இழக்கச் செய்தவர் ஆசிரியர். இப்போது அவர் மதிலில் ஏறுமுன் தலையைச் சரித்து, தூரத்தை இருமுறை அளந்தே பாய்கிறார். நாம் அளவாமற் பாய்ந்தோம்.

வாசகர் வீட்டு அலுமாரியிலும் எஞ்சிய கண் மருந்து இருக்கக்கூடும். திறந்த போத்தலைப் பொதுவாக 4 கிழமைக்குமேல் வைத்திருக்கலாகாது; எறிந்துவிடுங்கள். வினாவை வாசியாது விடை எழுதும் மாணவரை நெடுங்காலமாகக் கண்டித்து வந்தோம். இன்றும் கண்டிக்கிறோம், குரல்தான் சற்றுத் தாழ்ந்துவிட்டது. விடைத்தாள் திருத்தும் இரவுகளிற் சுக்கிராச்சாரியார் மேசைமேல் வந்து அமர்ந்துவிடுகிறாரே!