தொட்டால் புள்ளி

போன வாரம் எங்கள் மாலை நேரப் படிப்பகத்துக்கு ஒரு அம்மா வந்தார். மகன் ஒன்பதாம் வகுப்பு. பள்ளிக் கபடி அணியில் தேர்வாகியிருக்கிறான். பெற்றோர் கையெழுத்துப் போடவேண்டிய தாளை மடித்துக் கையிலேயே வைத்திருந்தார். “ஏம்பா, இவன ஆட அனுப்பலாமா? தோத்துட்டு வந்தாகூடப் பரவால்ல. முழுசா வந்துடுவானா?” என்று கேட்டார்.

எங்களால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அவர் மனதில் ஓடியது எங்களுக்கும் தெரியும். 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் பக்கம் தேர்வெழுதப் பேருந்தில் போய்க்கொண்டிருந்த பதினொன்றாம் வகுப்பு தலித் மாணவனை வழிமறித்து அரிவாளால் வெட்டினார்கள். கைவிரல்கள் துண்டாயின. கபடிப் போட்டியில் ஜெயித்ததுதான் பகைக்குக் காரணம் என்று குடும்பத்தார் சொன்னார்கள். அந்த அம்மா செய்தியில் பார்த்தது இதைத்தான்.

அன்று இரவு நாங்கள் பழைய நண்பர்கள் கூடிப் பேசினோம். பேச்சு 2004இல் போய் நின்றது. நாங்கள் பத்தாம் வகுப்பு படித்த வருடம்.

நெய்வேலியைப் பார்க்காத தோழர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறோம். 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் வந்த பிறகு, கிராமங்கள் இருந்த மண்ணில் எழுந்த ஊர் எங்கள் டவுன்ஷிப். அகலமான சாலைகள், வரிசையாக மரங்கள், குவார்ட்டர்ஸ் வீடுகள். தெருக்களுக்கு ஜாதிப் பெயர் கிடையாது. ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு நம்பர், அவ்வளவுதான். அதனால் இங்கே ஜாதி இல்லை என்று பலர் சொல்வார்கள். ஆனால் லீவு விட்டால் எல்லோரும் சொந்த ஊருக்குப் போவார்கள். அங்கே தெரு இருக்கிறது. எங்கள் அப்பாக்கள் ஒப்பந்தத் தொழிலாளர்கள். நாங்கள் இருந்தது டவுன்ஷிப்புக்கு வெளியே, மந்தாரக்குப்பம் பக்கத்துக் காலனியில். வட்டத்துப் பையன்களும் சுற்றுப்பட்டுக் கிராமத்துப் பையன்களும் நாங்களும் ஒரே உயர்நிலைப் பள்ளியில் படித்தோம். அந்தப் பள்ளியின் பெயர் இங்கே தேவையில்லை.

ஜூனில் பள்ளி திறந்ததும் சீனியர் கபடி அணிக்குத் தேர்வு நடந்தது. பன்னிரண்டு பேரில் ஐந்து பேர் நாங்கள். கிரிக்கெட் என்றால் மட்டை வாங்க வேண்டும், ஷூ வாங்க வேண்டும். கபடிக்கு மூச்சு போதும். காலை மணி அடிக்கும் முன்பே மண் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு ஆடத் தொடங்கிவிடுவோம்.

கபடியில் தொட்டால்தான் புள்ளி. தொடையைப் பிடித்து, இடுப்பைப் பிடித்து, ஒருவன்மேல் ஒருவன் விழுந்து எழுந்தால் உடம்பில் இருப்பது யார் வியர்வை என்றே தெரியாது. அந்தக் கோட்டுக்குள் எங்களைத் தொட யாரும் யோசித்ததில்லை. இரண்டு பேர் கைகோத்துச் சங்கிலி போட்டு ரெய்டரை மடக்குவதில் எங்கள் அணி கெட்டி. அதில் ஒரு கை எங்களில் ஒருவனுடையது. இன்னொரு கை பக்கத்துக் கிராமத்துப் பையனுடையது.

கேப்டன் யார் என்ற பேச்சு வந்தது. எங்களில் ஒருவன்தான் அணியிலேயே நல்ல ரெய்டர். பையன்கள் அவன் பெயரைத்தான் சொன்னார்கள். பி.டி. மாஸ்டர் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, “நீதான்டா நல்லா ஆடுற. ஆனா கேப்டனா அவன் இருக்கட்டும். அவங்க ஊர் வழியாப் போய் வரணும். எதுக்குப் பிரச்சினை?” என்றார். மாஸ்டர் கெட்டவர் இல்லை. சொந்தக் காசில் எங்களுக்கு முட்டையும் வாழைப்பழமும் வாங்கித் தந்தவர். அதனால்தான் அவர் சொன்னது அநியாயம் என்று அன்று எங்களுக்குத் தோன்றவில்லை. நல்லதுக்குச் சொல்கிறார் என்று நினைத்தோம். சங்கிலியில் எங்களோடு கைகோத்த அந்தக் கிராமத்துப் பையன் கேப்டனானான்.

ஆகஸ்டில் குறுவட்டப் போட்டியில் ஜெயித்தோம். திரும்பும் வழியில் கேப்டன் வீட்டில் விருந்து. கோழி அடித்திருந்தார்கள். வாசலில் நின்ற பாட்டி எங்களைப் பார்த்து, “நீங்க எந்தத் தெரு தம்பி?” என்று கேட்டார். அதன்பிறகு மற்றவர்களுக்கு உள்ளே கூடத்தில் இலை போட்டார்கள். எங்கள் ஐந்து பேருக்கும் மாட்டுக் கொட்டகை ஓரமாகக் காகிதத் தட்டு, பிளாஸ்டிக் டம்ளர். கேப்டன் வெளியே வந்தான். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு உள்ளே போய்விட்டான். இரண்டு மணி நேரத்துக்கு முன் அந்தக் கையைப் பிடித்துத்தான் ஜெயித்திருந்தோம்.

பசி. சாப்பிட்டோம். அதை இன்றுவரை எங்களால் மன்னிக்க முடியவில்லை. பாட்டியைச் சொல்லவில்லை, எங்களைத்தான் சொல்கிறோம். வீட்டில் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

மாவட்டப் போட்டி கடலூர் அண்ணா விளையாட்டரங்கில் நடந்தது. அரையிறுதியில் தோற்றோம். தோற்றதற்கு நிறையக் காரணங்கள் சொல்லலாம். எங்களுக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான். சங்கிலி போட வேண்டிய இரண்டு கைகளும் அன்று ஒன்றையொன்று தேடவில்லை.

பிறகு எம்.ஏ. சமூகவியல் படிக்கும்போது, ராமச்சந்திர குஹா எழுதிய கிரிக்கெட் வரலாற்றில் பல்வங்கர் பாலூவைப் படித்தோம். தலித் சமூகத்தில் பிறந்த சுழற்பந்து வீச்சாளர். 1911இல் இங்கிலாந்து போன இந்திய அணியில் 114 விக்கெட் எடுத்தவர். அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே பூனாவில் இந்துக்கள் அணிக்கு அவர் பந்து வேண்டியிருந்தது. ஆனால் தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே, மண் குவளையில் டீ. கடைசிவரை அவரைக் கேப்டன் ஆக்கவில்லை. அவர் தம்பி விட்டல்தான் 1923இல் இந்துக்கள் அணிக்குக் கேப்டனானார். நூலகத்தில் அந்தப் பக்கத்தைப் படித்தபோது பிளாஸ்டிக் டம்ளர்தான் ஞாபகம் வந்தது. எங்களுக்கு நடந்தது ஒரு பாட்டியின் குணமோ, ஒரு மாஸ்டரின் பயமோ மட்டுமல்ல என்று அன்றுதான் புரிந்தது. அது ஒரு ஏற்பாடு. நம் உடம்பின் பலம் அணிக்கு வேண்டும். நம் தலைமை வேண்டாம், பக்கத்து இலையில் நாம் வேண்டாம்.

இந்த ஏற்பாட்டை மீறினால் என்ன நடக்கும் என்பதையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஜெயித்தால் அரிவாள். தோற்றாலும் விடுவதில்லை. 2021 டோக்கியோ ஒலிம்பிக் அரையிறுதியில் இந்தியப் பெண்கள் ஹாக்கி அணி தோற்றபோது, ஹரித்வார் பக்கம் வந்தனா கட்டாரியாவின் வீட்டு முன்னால் பட்டாசு வெடித்து, ஜாதியைச் சொல்லித் திட்டினார்கள்.

அப்படியென்றால் ஆடாமல் இருந்துவிடலாமா? படிப்பகப் பையன்கள் ‘பைசன்’ பார்த்துவிட்டு வந்து மணத்தி கணேசனைப் பற்றி எங்களுக்கே பாடம் எடுக்கிறார்கள். 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற கபடி அணியில் ஆடியவர், 1995க்கான அர்ஜுனா விருது பெற்றவர். அவர் வீட்டிலும் யாரோ ஒருவர் இதே கேள்வியைக் கேட்டிருப்பார்கள். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. மைதானத்தை விட்டுக்கொடுத்தால் அதையும் சேர்த்தே விட்டுக்கொடுக்கிறோம்.

ஆனால் பையனை மட்டும் தனியாக அனுப்பிவிட்டு வீரம் பேசக்கூடாது. எங்களுக்கு அன்று கூட வர யாருமில்லை. அதனால் இந்த வருடம் நாங்கள் பள்ளிக்குப் போய் உடற்கல்வி ஆசிரியரிடம் பேசினோம். கேப்டனை ஆட்டத்தை வைத்து எல்லோர் முன்னிலையிலும் தேர்ந்தெடுங்கள், போட்டி நாளில் யார் வீட்டிலும் விருந்து வேண்டாம், பள்ளியே ஒரே பந்தியில் சாப்பாடு போடட்டும், பெற்றோர் இருவர் வண்டியில் வரட்டும் என்றோம். கையில் ஜாதிக் கயிறு கட்டிக்கொண்டு யாரும் களத்தில் இறங்கக் கூடாது என்றும் சொன்னோம். நாங்குநேரி சம்பவத்துக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழுவும் 2024இல் கொடுத்த அறிக்கையில் மாணவர்கள் வண்ணக் கயிறு கட்டத் தடை கேட்டிருக்கிறது. ஆசிரியர் இரண்டுக்குச் சம்மதித்தார். மற்றதை “பார்க்கலாம்” என்றார். பார்க்கிறோம் என்று சொல்லிவிட்டு வந்தோம்.

கல்லூரியில் இருக்கும் தோழர்களே, உங்கள் ஊர்ப் பள்ளியில் கேப்டன் யார், ஜெயித்த அன்று யார் எங்கே உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்று ஒருமுறை போய்க் கேளுங்கள். உங்கள் ஊர்ப் பையன்களும் எங்களைப் போலவே வீட்டில் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அந்த அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டார். “நீங்களும் கூடப் போவீங்கல்ல?” என்று மட்டும் கேட்டார். சனிக்கிழமை போட்டி. வண்டியில் நாங்கள் இருப்போம்.

ஜெய்பீம்.