நிழல் ஒடுங்கும் நாள்களில் பாதயாத்திரை

சித்திரை வெயிலுக்குத் திருச்சியில் அஞ்சாதார் இல்லை. மலைக்கோட்டைப் பாறை அனலாய்க் காய்வதும், திருவரங்கத்து அம்மா மண்டபத்தருகே காவிரி மணல் காலைச் சுடுவதும் நாம் அறிந்தவையே. அந்நாள்களில் குடையின்றி வெளியே செல்லத் தயங்குகிறோம். ஆவணி பிறந்து காற்று வீசத் தொடங்கியதும் அந்த அச்சம் நம்மை விட்டு நீங்கிவிடுகிறது.

ஆனால் கதிரவனின் கணக்கு வேறு. நம் நகரின் உச்சிக்கு நேரே அவன் ஆண்டில் இருமுறை வருகிறான். ஏப்ரல் 18-ஐ ஒட்டி ஒருமுறை, ஆகஸ்டு 25-ஐ ஒட்டி மறுமுறை. அந்நாள்களின் நண்பகலில் நிழல் நம் காலடியிலேயே ஒடுங்கிவிடும். இரண்டாம் முறை அவன் வருவதோ, ஆகஸ்டு 29-இல் வேளாங்கண்ணியில் கொடியேறுவதையொட்டி, நம் பங்குகளிலிருந்து காவியுடுத்தி, செபமாலை சொல்லிக்கொண்டு, ஏறத்தாழ 150 கிலோமீட்டர் நாம் நடந்து செல்லும் காலம்.

வெப்பம் வேறு, புற ஊதாக் கதிர் வேறு. 1801-இல் ஜெர்மானியரான ரிட்டர் கண்டறிந்த இக்கதிர் கண்ணுக்குப் புலப்படாது. காற்று உடலைக் குளிர்விக்குமே அன்றிக் கதிரைத் தடுக்காது. மெல்லிய மேகமும் அதனைப் பெரிதும் மறைப்பதில்லை.

இக்கதிர் தோலணுக்களின் மரபுப்பொருளைச் சிதைக்கிறது. காயமுற்ற அணுக்களில் புராஸ்டகிளாண்டின் முதலிய பொருள்கள் உண்டாகின்றன. இரத்தக் குழாய்கள் விரிகின்றன. தோல் சிவந்து எரிகிறது. சில மணி நேரம் கழித்தே இவ்வழற்சி தொடங்கி, 12 முதல் 24 மணி நேரத்திற்குள் உச்சமடையும். நம்மவரின் கருநிறம் ஓரளவு காக்கும், முற்றிலும் காக்காது. அத்தோலில் சிவப்பு எளிதில் தெரியாததால், பகலெல்லாம் நடந்தவர் இரவில் தங்குமிடத்தில்தான் எரிச்சலை உணர்கிறார்.

உடனே யாரேனும் ஒருவருடைய பையிலிருந்து வலி மாத்திரை வெளிவரும். ஆஸ்பிரின் போன்றவை புராஸ்டகிளாண்டின் உண்டாவதைத் தடுக்கின்றன என்று 1971-இல் ஜான் வேன் விளக்கினார். 1982-இல் நோபல் பரிசில் பங்கும் பெற்றார். இவ்வகை மருந்துகள் முதல் நாளின் சிவப்பையும் வலியையும் ஓரளவு தணிக்கும். ஆயினும் சிதைந்த மரபுப்பொருளை அவை சீராக்குவதில்லை. வலி அடங்கிற்று என்று மறுநாளும் உச்சி வெயிலில் நடப்பவர், காயத்தின்மேல் காயம் ஏற்றுகிறார். அன்றியும், நீர் வற்றிய உடலில் இம்மாத்திரைகள் சிறுநீரகத்துக்குத் தீங்கு செய்யலாம். கால்வலிக்குப் பூசும் கீட்டோபுரோஃபென் களிம்போ, வெயில் பட்டால் தானே தோலழற்சியை உண்டாக்கக்கூடும்.

மாதாவிடம் நாம் நேர்ந்துகொண்டது நடப்பதற்கே, நோய் தேடுவதற்கன்று. உடலைத் தூய ஆவியின் ஆலயமாகப் போற்றுவது நம் மறையின் மரபு. ஆகவே காலை 10 மணிக்குமுன்னும் மாலை 4 மணிக்குப்பின்னும் நடப்போம். முழுக்கைச் சட்டையும் தலைத்துணியும் அணிவோம். தாகம் வருமுன்னே நீர் பருகுவோம். குழந்தைகளையும் முதியோரையும் நண்பகலில் நிழலில் அமர்த்திவிட்டு, அவர்களோடு இன்னும் ஒரு ஐம்பத்து மூன்று மணிச் செபமாலை சொல்வோம். ஒரு நாள் தாமதமாகச் சென்றாலும் அன்னை நம்மை ஏற்றுக்கொள்வாள்.