அத்தையின் டெலிபோன் எண்

சென்ற மாதம் நான் ஒரு குற்றம் செய்துவிட்டேன். போலீஸ்காரர் வந்து பிடிக்கிற குற்றமல்ல. ஆனாலும் உங்களிடம் சொல்லிவிட்டால் மனசு கொஞ்சம் இலேசாகும் என்று தோன்றுகிறது. கேளுங்கள்.

ராமநாதபுரத்தில் அரண்மனைக்குப் பக்கத்துத் தெருவில் என் அத்தை இருக்கிறாள். அப்பாவின் அக்காள், எழுபத்திரண்டு வயசு. அத்தையிடம் ஒரு கைபேசி உண்டு. நாமெல்லாம் தடவிக்கொண்டிருக்கும் கண்ணாடிப் பலகை ஜாதி அல்ல. பட்டன் வைத்த பழைய ரகம். கருவி மூன்று தடவை மாறிவிட்டது. எண் மட்டும் 2004-லிருந்து அதேதான்.

அந்த வருஷந்தான் அத்தான் மலேசியாவுக்கு வேலைக்குப் போனார். அத்தையின் ஒரே பிள்ளை. (எனக்கு அப்போது பதினான்கு வயசு. அத்தான் என்றதும் நீங்களாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம்.) கிளம்புவதற்கு முந்தின நாள் அம்மாவுக்கு ஒரு ஸிம் கார்டு வாங்கிப் போட்டுக் கொடுத்து, எண்ணைத் தம் சட்டைப்பைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். வாரந்தோறும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுவார். 2009 ஆடி மாதத்தில் ஒரு நாள், "வேலை மாறுறேம்மா. புது இடத்துக்குப் போனதும் பேசுறேன்" என்றார். அதோடு சரி. நாங்கள் தேடாத இடமில்லை. எழுதாத மனு இல்லை. அந்தக் கதையைத் தொடங்கினால் இந்தப் பக்கம் போதாது.

ஆக, அத்தானிடம் இருப்பது அந்த ஒரே எண். அது உயிரோடு இருக்க வேண்டும். அத்தையின் கட்சி அவ்வளவுதான்.

எண் மாறவில்லையே தவிர, அதன் எஜமானர்கள் மாறிய வேகம் இருக்கிறதே! நம்மில் பலர் கல்யாணத்தோடு இனிஷியலை மாற்றிக்கொள்கிறோம். அதுவும் ஆயுளில் ஒரு தடவை. இந்த ஸிம் கார்டு இருபது வருஷத்தில் நாலு பெயருக்கு வாழ்க்கைப்பட்டுவிட்டது. வாங்கும்போது அது பி.பி.எல். 2006-ல் தமிழ்நாட்டு பி.பி.எல்.லை ஹட்ச் எடுத்துக்கொண்டது. ஹாங்காங் கோடீஸ்வரர் லீ கா-ஷிங்கின் கம்பெனி, இங்கே எஸ்ஸாரின் கூட்டோடு நடந்தது. ஒரு சிறுவன் பின்னாலேயே ஓடுமே, மூக்குச் சப்பையான நாய்க்குட்டி, ஞாபகமிருக்கிறதா? அந்த ஹட்ச்தான். மறு வருஷமே, 2007-ல், இங்கிலாந்திலிருந்து வோடஃபோன் வந்து ஹட்சின் பங்கை வாங்கிவிட்டது. நூற்றுக்கு 67 பங்கு. விலை சுமார் 1,100 கோடி டாலர். ரோஜா நிறத்தில் இருந்த நாய்க்கூண்டு விளம்பரத்தில் ஒரே நாளில் சிவப்பாகிவிட்டது. நாய் மட்டும் அதே நாய்.

இந்த விற்பனையில் ஒரு வேடிக்கை. வீடு இருப்பது இந்தியாவில். ஆனால் கைமாறியது வீடல்ல. வீட்டுப் பத்திரம் வைத்த பெட்டி. அந்தப் பெட்டி இருந்ததோ கேமன் தீவில்! அதாவது அந்தத் தீவில் பதிவான ஒரு கம்பெனியின் பங்கைத்தான் விற்றார்கள். "வரி எங்கே?" என்று கேட்டது நம் சர்க்கார். "பெட்டியைத்தானே வாங்கினோம்?" என்றது கம்பெனி. 2012 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு கம்பெனி பக்கம் தீர்ப்புச் சொல்லிற்று. சர்க்கார் விட்டதா? பழைய விற்பனைக்கும் செல்லும்படி அதே வருஷம் சட்டத்தையே திருத்தியது. பிறகு 2021-ல் அந்தத் திருத்தத்தைத் தானே கைவிட்டது. நம் வீட்டுச் சம்பந்திச் சண்டைகளே தேவலை!

2016-ல் ஜியோ வந்து எல்லாவற்றையும் சும்மா கொடுக்கத் தொடங்கியதும் மற்றக் கடைக்காரர்களுக்கு வயிற்றில் புளி கரைத்தது. 2018 ஆகஸ்டில் வோடஃபோனும் பிர்லாக்களின் ஐடியாவும் ஒன்றாகச் சேர்ந்தன. 2020-ல் 'வி' என்று ஓரெழுத்துப் பெயர் வைத்தார்கள். கம்பெனி சர்க்காருக்குக் கட்ட வேண்டிய பாக்கி மலை போலக் குவிந்தது. பணத்துக்குப் பதில் பங்காக வாங்கிக்கொண்ட சர்க்காரிடம் 2025 ஏப்ரலில் சுமார் 49 சதவீதம் சேர்ந்துவிட்டது. வரி கேட்டுக் கோர்ட்டுக்குப் போனவரே கடைசியில் வீட்டில் பெரிய பங்காளி!

அத்தைக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. "பேரு என்னவா இருந்தா என்ன தாயி, நம்பரு நம்பருதானே?" என்பாள். ஒரே ஒரு தடவைதான் பயந்து பார்த்திருக்கிறேன். 2018 பிப்ரவரியில் ஏர்செல் படுத்தபோது. 1999-ல் தமிழ்நாட்டில் முளைத்து, வீட்டுக்கு வீடு புகுந்து, 2006-ல் நூற்றுக்கு 74 பங்கை மலேசியாவின் மாக்ஸிஸிடம் கொடுத்த கம்பெனி அது. ஒரு வாரத்துக்குள் ஊர் ஊராக அலை ஓய்ந்தது. எண்ணை வேறு கம்பெனிக்கு மாற்றிக்கொள்ளக் கடை வாசல்களில் ஜனங்கள் முட்டி மோதினார்கள். மாதக் கடைசியில் திவால் மனு. மாக்ஸிஸின் முதலாளி ஆனந்த கிருஷ்ணன் யாழ்ப்பாணத்துத் தமிழ் வம்சம் என்று நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அம்புட்டுப் பெரிய மனுசரு, நம்ம தமிழாளு, மலேசியாவுல போனு கம்பெனியே வச்சிருக்காரு. அவருகிட்ட ஒரு வார்த்தை கேட்டா, நம்ம புள்ள எங்க இருக்கான்னு சொல்ல மாட்டாரா?"

நான் என்ன பதில் சொல்ல? அந்தப் பெரிய மனிதரும் 2024 நவம்பரில் காலமாகிவிட்டார்.

இனி என் குற்றம். முன்பெல்லாம் காசு போடாவிட்டாலும் உள்ளே வருகிற அழைப்பு வந்துகொண்டிருக்கும். 'ஆயுட்காலத் திட்டம்' என்று எல்லாரும் விற்றார்களே! 2018 கடைசியில் கம்பெனிகள் அதற்கும் வாடகை வைத்தன: 28 நாளைக்கு 35 ரூபாய். பிறகு அது படிப்படியாக ஏறிற்று. மாதம் என்றால் முப்பது நாள் என்று பால்காரரிடம் கணக்குப் பார்க்கிற நமக்கு இந்த 28 நாள் கணக்குப் புரிய நேரமாயிற்று. வருஷத்துக்குப் பன்னிரண்டு அல்ல, பதின்மூன்று தடவை பணம்! முப்பது நாள் திட்டமும் ஒன்று வைத்தாக வேண்டும் என்று 2022-ல் டிராய் உத்தரவு போட வேண்டியிருந்தது.

முழங்கால் வலி வந்த பிறகு அத்தையால் கடைக்கு நடக்க முடியவில்லை. "நான் சென்னையிலிருந்தே போட்டுவிடுகிறேன், அத்தை" என்று ஏற்றுக்கொண்டேன். இரண்டு வருஷம் தவறவில்லை. சென்ற மாதம் தீபாவளி மலர் வேலை. ராத்திரி பத்து மணி வரை ஆபீஸ். மறந்தே போனேன்.

பக்கத்து வீட்டுக்காரர் போனிலிருந்து அத்தை கூப்பிட்டாள். முதல் ஒரு வாரம் தவணை போக, பதினோரு நாளாக அவளுக்கு யாருடைய அழைப்பும் போகவில்லை. கம்பெனியைக் குறை சொல்ல முடியாது. சீட்டு அனுப்பத்தான் அனுப்பியது. ஆங்கிலத்தில் வந்த சீட்டை அத்தை யாரிடம் காட்டுவாள்? திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

"பதினோரு நாளா, தாயி?" என்றாள். அவ்வளவுதான்.

பதினோரு நாளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நிச்சயம் உண்டு. இரண்டு உண்டா என்று காலண்டரை எடுத்துப் பார்த்தேன். இரண்டு இருந்தது.

அந்த வார முடிவிலேயே ரயில் ஏறிவிட்டேன். அத்தை ஒன்றும் நடக்காதவள் போல் மீன் குழம்பு வைத்துப் போட்டாள். மறுநாள் ராமேஸ்வரம் கோயிலுக்குப் போய், அங்கிருந்து பஸ்ஸில் தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனை வரை போனோம். கடற்கரையில் நின்றபோது என் கைபேசி கிணுகிணுத்தது. இலங்கைக்கு நல்வரவு என்று சேதி. அக்கரைக் கோபுரத்து அலைக்குப் பாஸ்போர்ட்டு ஏது?

"யாரு தாயி?" என்றாள் அத்தை, சட்டென்று.

"யாருமில்லை, அத்தை. இலங்கைக் கம்பெனி. டயலாக் என்று பெயர்" என்றேன். பத்திரிகைக்காரி வாய் சும்மா இருக்குமா? "ஏர்டெல்லின் இலங்கைக் கிளையைக்கூட 2024-ல் இவர்கள்தான் சேர்த்துக்கொண்டார்கள். தாய்க் கம்பெனி மலேசியாவில் இருக்கிறது" என்று சேர்த்துவிட்டேன்.

அத்தை கையை நீட்டினாள். கொடுத்தேன். எழுத்துத் தெரியாத அந்தச் சேதியை வெயிலுக்கு மறைத்துப் பிடித்துப் பார்த்தாள்.

"அப்ப, அங்கேருந்து இங்க வருதுதானே?"

பஸ் ராமேஸ்வரம் வந்து சேரும் வரை என் கைபேசி அத்தையின் மடியிலேதான் இருந்தது.