கடலை, சிப்பி, சோளப்பொரி!

துணி தைக்கிறவர் ஆண். தறியில் நெய்கிறவர் ஆண். மீன்வலை பின்னுகிறவர், கட்டிலுக்கு நாடா கட்டுகிறவர், பூக்கடையில் மாலை தொடுக்கிறவர் எல்லாருமே மீசை வைத்தவர்கள்தான். யாரும் எதுவும் சொல்வதில்லை. ஆனால் ரிடையரான ஓர் ஆண்பிள்ளை வாசல் திண்ணையில் உட்கார்ந்து குரோஷா ஊசியைக் கையில் எடுத்தால் மட்டும், தெரு ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுத்தான் போகிறது.

"என்ன சார், வீட்ல அவங்களுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கவலையோடு விசாரித்தார் எதிர்வீட்டு வாத்தியார்.

நான் ஆதாரத்தோடு பேசுகிறவன். "2021-ல டோக்கியோ ஒலிம்பிக்ல இங்கிலாந்து டைவிங் வீரர் டாம் டேலி, காலரியில உட்கார்ந்து பின்னிக்கிட்டு இருந்தாரே, உலகமே டி.வி.யில பார்த்துச்சே!" என்றேன்.

"அவரு தங்கம் வாங்கிட்டுப் பின்னினாரு சார்..." என்று இழுத்தார் வாத்தியார். அதற்குமேல் நான் பேசவில்லை.

நான் ஊசி எடுத்த காரணம் வேறு.

எங்கள் அம்மாவுக்கு வயது 82. மதுரையில் எங்கள் தெருவில் அந்தக் காலத்தில் குரோஷா என்றால் அம்மாதான். எங்கள் வீட்டில் சட்டை போடாத சாமானே கிடையாது. ரேடியோவுக்கு உறை, தண்ணீர் கூஜாவுக்கு மூடி, நாற்காலி முதுகுக்குத் துண்டு, பாவாடை ஓரத்துக்கு லேஸ், பிற்பாடு டி.வி. வந்ததும் அதற்கொரு முக்காடு. "அசந்து உட்கார்ந்தா எனக்கும் ஒரு உறை போட்டுருவா" என்று அப்பா பயப்படுவார்.

2009-ல் அம்மாவுக்குக் கண்ணில் கிளாக்கோமா என்றார்கள். கண்ணுக்குள் அழுத்தம் கூடி, பார்வை நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடுகிற வியாதி. வலி பெரும்பாலும் இருக்காது. முதலில் ஓரப் பார்வைதான் போகும் என்பதால் ஆளுக்கே தெரியாது. போன பார்வை திரும்ப வராது. இருப்பதைக் காப்பாற்றத்தான் சொட்டு மருந்து, ஆபரேஷன் எல்லாம். அம்மாவுக்குக் கண்டுபிடிப்பதற்குள்ளேயே பாதி போயிருந்தது. 2020 வாக்கில், விளக்கு எரிகிறதா இல்லையா என்பது மட்டும் தெரியும் என்ற அளவுக்கு வந்துவிட்டது.

ஒருநாள் தன் ஊசிகளையெல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு என் மனைவியிடம் நீட்டினாள். "யாருக்காவது குடுத்துரும்மா. எனக்கு என்னத்துக்கு இனி?"

"சரி அத்தை" என்று வாங்கிக்கொண்ட என் மனைவி, டப்பாவை பீரோவில் சேலைகளுக்கு அடியில் வைத்துவிட்டாள். என் மனைவியின் புத்திசாலித்தனத்தை நான் பாராட்டுவது அபூர்வம். இங்கே அச்சிலேயே பாராட்டிவிடுகிறேன்.

அதற்குப் பிறகு அம்மா எதையும் கேட்பதில்லை. காபி கொடுத்தால் குடிப்பாள். கொடுக்காவிட்டால் சும்மா இருப்பாள். அதுதான் என்னைப் பயமுறுத்தியது. வாய் நிறையக் குறை சொன்ன மனுஷி குறை சொல்வதை நிறுத்திவிட்டால், அந்த வீட்டில் ஏதோ பெரிய தப்பு நடக்கிறது என்று அர்த்தம். ஆனால் அவள் விரல்கள் மட்டும் சும்மா இருக்கவில்லை. நாள் முழுக்க முந்தானை ஓரத்தைத் தடவித் தடவி, நூல் நூலாக எண்ணிக்கொண்டே இருந்தன.

அந்த விரல்களுக்கு ஒரு வேலை கொடுக்கலாமே என்று தோன்றியது. தடவிப் படிக்கிற மாதிரி ஒரு மடிப் போர்வை. ஒவ்வொரு பட்டையிலும் ஒரு தினுசுப் பின்னல். ஒன்று கரடு, ஒன்று மெத்து, ஒன்று மேடு, ஒன்று பள்ளம்.

"மதுரை வெயில்ல போர்வையாடா? ஏன், என்னை அவிச்சு எடுக்கப் போறியா?" என்றாள் அம்மா. பல மாதத்துக்கு அப்புறம் ஒரு குறை! எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

கம்பளி நூல் வேண்டாம் என்று பருத்தி நூலாக வாங்கினேன். உறுத்தாது, வேர்க்காது, மேடு பள்ளமும் பருத்தியில்தான் எடுப்பாகத் தெரியும். ஒரே ஒரு சங்கடம், கனம். மேடு வைத்த பின்னல்கள் சாதாரணப் பின்னலைவிட அதிக நூலைச் சாப்பிடும்.

செல்போனில் வீடியோ பார்த்து ஆரம்பித்தேன். முதல் நாளே சண்டை. வீடியோக்காரர் 'சிங்கிள்' என்கிறார். அதே பின்னலை அம்மா 'டபுள்' என்கிறாள். அவர் 'டபுள்' என்பது அம்மாவுக்கு 'ட்ரெபிள்'. விசாரித்தால் இரண்டு பேரும் சரி! அமெரிக்காக்காரர்கள் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், இங்கிலாந்துக்காரர்கள் அதற்கு ஒரு படி மேலே வைத்திருக்கிறார்கள். அம்மா கற்றது பழைய இங்கிலீஷ் புஸ்தகத்தில். கடைசியில், "ரெண்டு தொரையும் வேண்டாம். நம்ம பேரு வைப்போம்" என்று அம்மாவே பஞ்சாயத்தை முடித்தாள்.

அப்படி வந்தவைதான் எங்கள் ஐந்து பின்னல்கள். கூடை முடைந்த மாதிரி இருப்பது 'பாய்'. உருண்டை உருண்டையாகத் துருத்துவது 'கடலை'. அதைவிடக் கெட்டியாக எழும்புவது 'சோளப்பொரி'. விசிறியாக விரிவது 'சிப்பி'. ஒன்றன்மேல் ஒன்று ஏறி முறுக்கிக்கொள்வது 'ஜடை'.

கடலையும் சோளப்பொரியும் பார்வைக்கு அக்கா தங்கச்சிதான், பிறவி வேறு. கடலைக்கு ஒரே கண்ணில் ஐந்து பின்னலை அரைகுறையாக நிறுத்தி, கடைசியில் ஒரே இழுப்பில் அத்தனையையும் மூட வேண்டும். சோளப்பொரிக்கு ஐந்தையும் முழுசாகப் போட்டு, ஊசியை வெளியே எடுத்து, முதல் பின்னலில் நுழைத்து, விட்ட வளையத்தை இழுக்க வேண்டும். இன்னொரு சூட்சுமம், கடலை எப்போதும் பின்பக்கம்தான் துருத்தும். ஆகவே போர்வையின் முதுகைப் பார்த்துக்கொண்டுதான் அதைப் போட வேண்டும். "சில மனுஷங்க மாதிரிடா, முதுகைக் காட்டினாத்தான் நல்லா வரும்" என்றாள் அம்மா. யாரைச் சொன்னாள் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

ஐந்தையும் ஒரே போர்வையில் சேர்ப்பதுதான் நிஜமான வித்தை. கூட்டுக் குடும்பம் மாதிரி ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். பாயும் ஜடையும் துணியை உள்ளே இழுக்கும். சிப்பி வெளியே தள்ளும். எண்ணிக்கை ஒன்றாக இருந்தும், ஓர் இடத்தில் இடுப்பு, ஓர் இடத்தில் கொசுவம் என்று ஆகிவிடும். அதற்கு முதலில் ஒவ்வொரு பின்னலிலும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மாதிரி போட்டு அளந்து பார்க்க வேண்டும். இழுக்கிற பின்னலுக்கு 5 மில்லிமீட்டர் ஊசிக்குப் பதில் ஐந்தரை. இரண்டு பட்டைக்கு நடுவே நாலு வரிசை சாதாரணப் பின்னல். அந்த நாலு வரிசைதான் சமாதானம் செய்து வைக்கிற பெரியப்பா.

அப்புறம் கணக்கு. சிலது நாலு நாலாகப் போகும், சிலது ஆறு ஆறாக. நாலுக்கும் ஆறுக்கும் மீ.சி.ம. பன்னிரண்டு. அங்குலத்துக்கு மூன்று பின்னல், 40 அங்குலத்துக்கு 120. பன்னிரண்டால் மீதியில்லாமல் வகுபடுகிறது! எட்டாம் வகுப்பில் 'இது எதுக்கு சார் உதவும்?' என்று கேட்டதற்கு எனக்கு அறுபது வயதில் பதில் கிடைத்தது. ஓரத்துக்கு மட்டும் பக்கத்துக்கு ஒன்று கூடுதல்.

இந்த ஊசிக்குப் பெரிய சரித்திரம் உண்டு. குரோஷா என்றால் பிரெஞ்சில் சின்னக் கொக்கி. 1840-களில் அயர்லாந்தில் உருளைக்கிழங்கு அழுகிப் பஞ்சம் வந்தபோது, பல குடும்பங்களுக்குக் கஞ்சி ஊற்றியது பெண்கள் போட்ட குரோஷா லேஸ்தான். நிட்டிங்குக்கு 1589-லேயே இங்கிலாந்தில் வில்லியம் லீ மெஷின் கண்டுபிடித்துவிட்டார். குரோஷாவுக்கு இன்றுவரை ஆலையில் ஓடுகிற மெஷின் வரவில்லை. கடையில் நிஜமான குரோஷா பார்த்தால், எங்கோ ஒரு மனுஷியின் கை அதில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். நம் சென்னையில் 2016 ஜனவரி 31 அன்று 'மதர் இந்தியாஸ் குரோஷே குயீன்ஸ்' என்ற பெண்கள் குழு 11,148.5 சதுர மீட்டருக்குப் போர்வையை விரித்து கின்னஸ் சாதனை செய்தது. கிட்டத்தட்ட இரண்டே முக்கால் ஏக்கர்! பட்டா போடலாம்.

நம் கதைக்கு வருவோம். ஒருநாள் அம்மா திடீரென்று, "கண்ணை மூடிக்கிட்டுப் போடு" என்றாள்.

மூடினேன். முதல் நிமிஷம் இருட்டு. எங்கே ஊசி, எங்கே நூல் என்று தெரியவில்லை. அம்மா என் இடது கட்டைவிரலைப் பிடித்து முந்தின வரிசையின் தலையில் வைத்தாள். "இங்கன ஒரு சின்ன மேடு தெரியுதா? அதுதான் வாசப்படி. விரல் வாசப்படியைக் காட்டும், ஊசி உள்ளே போகும். கண்ணு எதுக்கு?"

மெதுவாக, ஒவ்வொன்றாக, ஏழெட்டுப் பின்னல் வந்தது. கண்ணைத் திறக்க எனக்கு மனசில்லை. அம்மாவும் கையை எடுக்கவில்லை.

"ஏம்மா, இவ்வளவு தெரிஞ்சும் ஏன் ஊசியை விட்டீங்க?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "நல்லாயிருக்குன்னு மத்தவங்க சொல்லித்தானேடா எனக்குத் தெரியணும்? அந்தப் பிச்சை வேண்டாம்னுதான்" என்றாள்.

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. பதில் சொல்லத் தெரியாமல், பாதி முடிந்த போர்வையை எடுத்து அவள் மடியில் பரப்பினேன். விரல்கள் பாயில் நடந்தன, சிப்பியில் சரிந்தன, ஜடையில் ஏறி இறங்கின. கடலையில் வந்து நின்று ஒவ்வொன்றாக எண்ணின. யாரும் எதுவும் சொல்லவில்லை. அவளே, "நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

போர்வை முடிய மூன்று மாதம் ஆயிற்று. கடைசியில், "ஓரம் நான் போடறேன். டப்பா எங்கே?" என்றாள் அம்மா, அது வீட்டில்தான் இருக்கிறது என்று முன்னமே தெரிந்தவள் மாதிரி. என் மனைவி ஓடிப்போய் எடுத்து வந்தாள். நாலு பக்கத்து ஓரமும் ஒன்பது நாளில் முடிந்தது. கட்டைவிரல் வாசப்படி காட்ட, ஊசி உள்ளே போயிற்று.

உங்களுக்கு ஒரு வார்த்தை. நாற்பது தாண்டியவர்கள், அதிலும் வீட்டில் யாருக்காவது கிளாக்கோமா இருந்தவர்கள், கண் அழுத்தத்தையும் பார்வை நரம்பையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். நான் வருஷா வருஷம் போகிறேன்.

இப்போது அம்மா வாரத்துக்கு ஒரு நூல்கண்டு கேட்கிறாள். டி.வி. ரிமோட்டுக்கு உறை ஆயிற்று. என் செல்போனுக்கு ஆயிற்று. என் மனைவியின் குக்கர் கைப்பிடிக்கும் ஆயிற்று. நேற்று என்னைக் கூப்பிட்டு, தலையைத் தடவி, சுற்றளவை விரலால் அளந்தாள்.

அப்பா பயந்தது சரிதான். குல்லாய் வருகிறது!