கோட்டை நீரும் கல்லூரிப் பாடமும்

ஆறு வளர்த்த ஊர்கள் உண்டு; கடல் வளர்த்த ஊர்களும் உண்டு. செஞ்சியையும் அதற்கு வடக்கே அமைந்த சிங்கவரத்தையும் வளர்த்தது பாறை. சிங்கவரத்துக் குன்றில் பல்லவர் காலத்தில் குடையப்பட்ட அரங்கநாதர் கோயில், பாறையை வழிக்குக் கொண்டுவந்த கைகளுக்குச் சான்றாய் நிற்கிறது. அவ்வூர்த் தெருவில் வளர்ந்த நமக்கு இராசகிரியும் கிருட்டிணகிரியும் சந்திரகிரியும் நாள்தோறும் கண்ட காட்சி. ஆயினும் அக்குன்றுகளைப் பாடப்புத்தகமாகப் பார்க்கும் வாய்ப்பு நாற்பது வயதைக் கடந்த பின்னரே நமக்குக் கிட்டியது.

நம் தமக்கையின் மகள் குடிசார் பொறியியல் இளநிலை மாணவி. பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் பயின்றவள். குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதற் பெண். இரண்டாமாண்டில் பாய்ம இயக்கவியல் தாளில் தேறாத நிலையில் நம்மிடம் வந்தாள். "மாமா, கணக்கு வருகிறது, வினா என்ன கேட்கிறது என்பதுதான் விளங்கவில்லை. படிப்பை நிறுத்திவிடலாமா என்று அத்தாவிடம் கேட்கப் போகிறேன்" என்றாள். "கேட்பதற்கு முன் ஒரு நாள் எம்முடன் கோட்டைக்கு வா அம்மா" என்றோம்.

இராசகிரி ஏறத்தாழ 800 அடி உயரமுடையது. 1690 முதல் 1698 வரை முகலாயப் படை மராத்தியரை முற்றுகையிட்ட கோட்டை இது. மதிலும் அகழியும் எத்துணை வலியவாயினும், உள்ளே நீர் இல்லையேல் அத்தனை ஆண்டுகள் தாக்குப்பிடித்திருத்தல் இயலாது. மலைமேல் சுனை, அடிவாரத்தில் மழைநீர்த் தேக்கம், சமவெளியில் செட்டிகுளம், சக்கரகுளம் என நீர் படிப்படியாகக் காக்கப்பட்டது. கலியாண மகாலுக்கு மட்குழாய் வழியே நீர் கொணர்ந்தனர். குழாயில் அடைபட்ட நீர், தான் புறப்பட்ட மட்டம்வரைதான் தானாக ஏறும். உராய்வினால் அதிலும் சிறிது குறையும். இதைச் சொன்னதும், "இது எங்கள் மூன்றாம் பாடம் மாமா" என்றாள் அவள்.

குளக்கரையில் அமர்ந்து கணக்கிட்டோம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். ஒரு எக்டேர் பாறைச் சரிவில் ஆண்டுக்கு 1000 மில்லிமீட்டர் பெய்தால் ஒரு கோடி லிட்டர். ஆவியாவதும் கசிவதும் கழித்து எஞ்சுவது குளத்திற்கு வரும். நீரியல் என்றும் சுற்றுச்சூழல் பொறியியல் என்றும் பின்னர் அவள் படிக்கவிருந்தவற்றின் அகரம் இதுவே.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021ஆம் ஆண்டு ஒழுங்குமுறையின்கீழ்ப் பயிலும் பொறியியல் மாணவர்க்குத் 'தமிழர் மரபு', 'தமிழரும் தொழில்நுட்பமும்' என இரு தாள்கள் முதலாண்டில் உண்டு. இரண்டாவதில் சோழர்காலக் குமிழித் தூம்பு ஒரு பாடப்பொருள். ஏரியின் உட்புறத்தில் அமையும் அத்தூம்பில் நீரோடித் துளை மேலே, சேறோடித் துளை கீழே. மூடியைத் தூக்கினால் நீரோடு வண்டலும் வெளியேறும். ஏரி தூர்ந்துபோவது குறையும். இதனை அவள் மனப்பாடம் செய்து நல்ல மதிப்பெண்ணும் பெற்றிருந்தாள். மறு ஆண்டில் துளைவழி நீரோட்டம் பற்றிய சூத்திரத்தை ஆங்கிலத்தில் கண்டபோது, அது அதே தூம்பின் துளைதான் என்று அவளுக்கு எவரும் சொல்லவில்லை. துளைக்கு மேல் நிற்கும் நீரின் உயரம் நான்கு மடங்கானால், பாயும் வேகம் இருமடங்காகும் என்பதே அச்சூத்திரத்தின் உட்பொருள். தமிழில் கற்றதும் ஆங்கிலத்தில் கற்றதும் ஒரு தலைக்குள்ளேயே அறிமுகமின்றி இருந்தன.

அவள் படிப்பை நிறுத்தவில்லை. மறுமுறை எழுதித் தேறினாள். நாம் அவளுக்குப் பொறியியல் கற்பிக்கவில்லை. அதற்குரிய தகுதியும் நமக்கில்லை. மதகு, கலிங்கு, தூம்பு, வாய்க்கால் என்று அவள் வீட்டில் கேட்டு வளர்ந்த சொற்களை அவளிடமே திருப்பிக் கொடுத்தோம், அவ்வளவே.

2010ஆம் ஆண்டில் அண்ணா பல்கலைக்கழகம் குடிசார் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியபோது, வேலை கிடைக்குமா என்னும் ஐயமே பெற்றோரிடம் மேலோங்கியது. அந்த ஐயம் நியாயமானது; ஆங்கிலம் இன்றியமையாதது என்பதை நாமும் மறுக்கவில்லை. ஆனால் ஒரு கருத்தைத் தாய்மொழியில் பற்றிக்கொண்டவன் அதனைப் பிறமொழியில் சொல்லக் கற்பது எளிது. கருத்தே பிடிபடாதவனுக்கு எந்த மொழியும் துணை செய்யாது.

தமிழ்த்துறை மாணவர்களே, உங்கள் இல்லத்திலும் ஒரு தம்பியோ தங்கையோ பொறியியல் படிப்பார்கள். அவர்களுடைய நூலை வாங்கிப் பாருங்கள். அதிலுள்ள கருத்துக்கு நம் ஊரில் வழங்கும் சொல் எதுவென்று தேடிக் கொடுங்கள். சமுதாயப் பெரியோர்க்கும் ஒரு விண்ணப்பம்: கட்டணம் கட்ட உதவும் உங்கள் கை, இடைவழியில் தளரும் பிள்ளைக்குப் பாடம் விளங்கச் செய்வோரையும் தேடித் தரட்டும். ஓடும் ஆற்றங்கரையிலும் நீரை வீணாக்கலாகாது என்று கற்பிக்கப்பட்ட நாம், பிள்ளைகளின் அறிவை மட்டும் வீணே வடியவிடலாமா?