வெயில் மேல் போட்ட பழி

2022 ஜூலை 19 அன்று இங்கிலாந்தில் வெயில் முதன்முறையாக 40 டிகிரியைத் தாண்டியது. அன்று மாலை எங்கள் லண்டன் வீட்டில் வளர்ந்த ஜெர்பில் என்ற எலி இனப் பிராணிகள் இரண்டில் ஒன்று செத்துப்போனது. "இந்த வெயிலை அது எப்படித் தாங்கும்?" என்று மகளிடம் சொன்னேன். அவள் நம்பினாள். பாதியை மறைத்துத்தான் சொன்னேன். அந்தச் சாவுக்குப் பொறுப்பு நான்.

முன்பு மீன் வளர்த்த கண்ணாடித் தொட்டி வீட்டில் சும்மா கிடந்தது. ஜெர்பிலுக்கு அது நல்ல வீடுதான். கம்பிக் கூண்டென்றால் தோண்டுகிற வேகத்தில் அடியில் பரப்பும் மரச்சீவல் அறையெங்கும் சிதறும். பிளாஸ்டிக் கூண்டென்றால் கொறித்தே வழி பண்ணிக்கொள்ளும். ஆனால் நான் தொட்டியை ஜெர்பிலுக்கு ஏற்றபடி மாற்றவே இல்லை. விளக்கு வைத்த பழைய பிளாஸ்டிக் மூடியே இருந்தது. காற்றுக்கு, குழாய் போகும் ஓட்டை மட்டும். அழகாகத் தெரியட்டுமென்று மேற்கு ஜன்னலோரம் வைத்தேன். மரச்சீவல் இரண்டு அங்குலம்தான். அதிகம் கொட்டினால் உள்ளே புகுந்துகொண்டு கண்ணில் படாது. அதற்காகவே குறைத்தேன், வேறு காரணமில்லை.

மங்கோலியா, வட சீனப் புல்வெளிகளில் வாழ்கிற பிராணி ஜெர்பில். அங்கே கோடையும் கடுமை, பனிக்காலமும் கடுமை. மண்ணுக்குள் வளை தோண்டித்தான் இரண்டையும் கடக்கிறது. எங்கள் வீட்டு ஜெர்பில்கள் தொட்டி மூலையில் கண்ணாடியை ஓயாமல் பிறாண்டிக்கொண்டே இருக்கும். வந்தவர்களெல்லாம் ரசித்தார்கள். "விளையாடுது" என்று நானும் பெருமையாகச் சொல்வேன். புகலிடமாக வளை இல்லாமல் வளரும் ஜெர்பில்களுக்கு இந்தப் பிறாண்டல் ஒரு நோய்போல ஒட்டிக்கொள்வதை ஆய்வாளர்கள் கண்டறிந்திருக்கிறார்கள். அதைப் பின்னால்தான் படித்தேன். படித்த இரவு தூக்கம் வரவில்லை.

அந்த 40 டிகிரி நாளன்று நாங்கள் மனிதர்களுக்கு மின்விசிறி தேடி அலைந்தோம். ஜன்னல் திரையை இழுத்துவிடக்கூட எனக்குத் தோன்றவில்லை. சாயங்கால வெயில் நேராகத் தொட்டியில் விழுந்தது. மூடியைத் திறந்ததும் அனல் முகத்தில் அடித்தது. ஒன்று மூலையில் நீட்டிக் கிடந்தது. மற்றது பிழைத்தது.

பிழைத்ததற்காகத்தான் எல்லாவற்றையும் மாற்றினேன். மரச்சட்டத்தில் கம்பி வலை அடித்து மூடி செய்தேன். காகிதத் துண்டு, மரச்சீவல், காய்ந்த புல் மூன்றையும் கலந்து ஓரடி உயரத்துக்கு நிரப்பினேன். அடியில் தோண்டும்போது சரிந்து நசுக்கிவிடாமல், அது பதுங்குவதற்கான கல் வீட்டை நேராகத் தொட்டியின் தரையிலேயே பதித்தேன். பிழைத்த ஜெர்பில் முதல் நாளே வளை தோண்டியது. மூலையைப் பிறாண்டுவதை மட்டும் கடைசிவரை விடவில்லை. கூட்டமாக வாழ்கிற பிராணி, மீதிக் காலத்தைத் தனியாகக் கழித்தது. வளர்ந்த ஜெர்பிலோடு புதிதாக ஒன்றைச் சட்டென்று சேர்த்தால் சாகும்வரைகூடச் சண்டை போடும். பொறுமையாகப் பழக்கிச் சேர்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

மகளிடம் உண்மையை வெகுநாள் கழித்துத்தான் சொன்னேன். அவள் பதில் பேசவில்லை.

வீட்டில் இப்படி ஒரு தொட்டி வைத்திருப்பவர்கள் இன்றைக்கே அதை ஜன்னலிலிருந்து தள்ளி வையுங்கள். மீன்தொட்டி மூடியைக் கழற்றிவிட்டுக் கம்பி வலை போடுங்கள். கண்ணில் படவில்லையே என்று சீவலைக் குறைக்காதீர்கள்.