கிளம்பாதீர்கள்!

சகோதரிகளே, பண்டிகைக்கு மூட்டை முடிச்சுக் கட்டியான பிறகு, "வீட்டை விட்டுக் கிளம்பாதீர்கள்" என்று தொலைக்காட்சியில் ஒருவர் தோன்றிச் சொன்னால் கோபம் வருமா, வராதா? அமெரிக்காவில் ஈரி ஏரிக்கரையிலுள்ள பஃபலோ நகரில், குளிர்காலத்தில் வானிலை சொல்பவரின் உத்தியோகமே அதுதான்.

ராடார்தான் அவருக்குக் கண். அது அனுப்பும் ரேடியோ அலைகள் பனித்துகள்களில் பட்டுத் திரும்புவதைக் கொண்டு, பனி எங்கே பெய்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்று கண்டுகொள்கிறார். ஆனால் பூமி உருண்டையல்லவா? தூரம் போகப் போக அலை உயர்ந்துவிடும். ஏரியிலிருந்து எழும் தாழ்ந்த பனிமேகமோ அதற்கடியில் நழுவிவிடும். ஆகையால், வாசலில் அளவுகோல் வைத்துப் பனியை அளந்து சொல்லும் வீட்டுக்காரர்களின் ஒத்தாசையும் வேண்டியிருக்கிறது.

2022 கிறிஸ்துமஸுக்குச் சில நாள் முன்பே எச்சரிக்கை வந்தது. அங்கே வசிக்கும் என் தமக்கை மகள், ராச்சஸ்டருக்குக் காரில் போவதாக இருந்தாள். குழந்தைகள் அழ, கணவர் முணுமுணுக்க, பிரயாணத்தை நிறுத்திவிட்டாள். டிசம்பர் 23-ல் தொடங்கிய பனிப்புயல் நான்கே நாளில் நாலடிக்கு மேல் பனியைக் குவித்தது. அந்த வட்டாரத்தில் 40 பேருக்கு மேல் மாண்டார்கள், சிலர் காருக்குள்ளேயே.

"பண்டிகையன்று ரசம் சாதமும் அப்பளமுந்தான், சித்தி!" என்றாள் டெலிபோனில். அவளை வீட்டோடு இருத்திய அந்த மகராசன் நன்றாயிருக்கட்டும்!